பத்துக்குப் பத்தும் தப்பு

மணி இரண்டே கால். நாலு மணிக்குக் கையெழுத்து.

நடுவில் இருந்தது ஒன்றே முக்கால் மணி நேரம். அதிலும் ஐந்து நிமிஷத்தை லிஃப்ட் தின்றுவிட்டது.

“வயசானவங்களுக்குன்னு வச்ச லிஃப்ட்டு அண்ணி. அதுவும் ஓய்வு வாங்கிட்டு இங்கயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிருச்சு போல,” என்றான் ரேடியோ.

அண்ணி சிரிக்கவில்லை. விரலால் கைப்பையைத் தட்டிக்கொண்டே நின்றாள். இருபது வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, போதுமடா சாமி என்று வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். ரேடியோ அவளுடைய கொழுந்தன். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர் என்று அவன் சொல்வான். வாயை அணைக்கப் பொத்தான் கிடையாது, அதனால்தான் என்று வீட்டில் சொல்வார்கள். “இவனை உன் ஆபீஸ்ல சேர்த்துக்கோ, வீட்டுலயே இருந்தா என் காது போயிடும்” என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டதில் கிடைத்தது இந்த உதவியாளர் வேலை.

இன்றைக்கு அவனுக்கே பேச்சு சரளமாக ஓடவில்லை. இங்கே எல்லாரும் மெதுவாக நடந்தார்கள், மெதுவாகத் திரும்பினார்கள், மெதுவாகச் சிரித்தார்கள். அவன் மட்டும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி தவித்தான். எங்கேயோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு மணி அடித்தது, யாரோ ஓடினார்கள், மணி நின்றது.

மூத்தோர் குடியிருப்பு என்று வாசலில் பலகை. உள்ளே மூன்று கட்டடங்கள். முதல் கட்டடத்தில் இருப்பவர்களுக்குத் தனி வீடு, தனிச் சமையல், கையில் சொந்தச் சாவி. அதனால் அதற்குச் சாவிக் கட்டடம் என்று பேர். குளிக்க, மாத்திரை எடுக்க ஆள் துணை வேண்டியவர்கள் இரண்டாவதில். கட்டில் பக்கத்தில் மணி இருப்பதால் மணிக் கட்டடம். மூன்றாவதுக்கு யாரும் பேர் வைக்கவில்லை. “அந்தக் கண்ணாடிக் கதவு” என்று மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். நினைவு தப்பியவர்கள் இருக்கும் இடம். நர்ஸ் கையிலிருக்கும் சாவிக்குத்தான் கதவு திறக்கும்.

சாவிக் கட்டடத்திலிருந்து ஒரே தாவலில் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் இன்றைக்கு நாலு மணிக்குப் போகப்போகிறவர் ஒரு எழுபத்தெட்டு வயது அம்மாள். முப்பத்து நாலு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். இங்கேயும் அறிவிப்புப் பலகையில் ஒரு கொம்பு, ஒரு கால் தப்பாக இருந்தால் சிவப்புப் பென்சிலோடு வந்து நின்றுவிடுவாராம். அதனால் ஊரே அவரைத் திருத்தம்மா என்றது.

காலையில் ஒன்பது மணிக்கு அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்தாள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. அழுகையையும் அதட்டலாகவே அழுதாள்.

“ரெண்டே மாசம் மேடம். ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் நான் அனுப்புற மெசேஜ்ல புள்ளி வைக்கலேன்னா திட்டுவாங்க. இப்ப குழாயை மூட மறந்துட்டாங்களாம், வழி தெரியாம நிக்கிறாங்களாம். அவங்க இருக்கிறது மூலை வீடு, ரெண்டு பக்கமும் ஜன்னல். எல்லார் கண்ணும் அதுமேலதான். அந்த நிர்வாகி என்னமோ பண்றான். எங்கம்மாவை ஒண்ணுமில்லாம ஆக்குறான். நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போடணுமாம். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்.”

வேறு சொந்தம் யாரெல்லாம் என்று அண்ணி கேட்டதற்கு, “நான் ஒரே பொண்ணு. அப்பா இல்ல. ஒரு சித்தி இருந்தாங்க. முப்பத்தோரு வருஷமாப் பேச்சே கிடையாது. உயிரோட இருக்காங்களான்னுகூடத் தெரியாது, தெரியவும் வேணாம்” என்று முடித்துவிட்டாள்.

லிஃப்ட் ஒருவழியாகக் கதவைத் திறந்தது.

நிர்வாகி மேஜைமேல் பேனாக்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் ரேடியோவுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. குளிர்சாதன அறையில் நெற்றி வியர்த்தவன் யோக்கியனாக இருக்க முடியுமா?

“மகள் எழுதிக் குடுத்த கடிதம் இது. உங்க பதிவேட்டையும் டாக்டர் பேப்பரையும் நான் பார்க்கணும்,” என்றாள் அண்ணி.

“தாராளமாப் பாருங்க மேடம்.” அவர் ஃபைலைத் தள்ளினார். “என்னைத்தானே சந்தேகப்படுறாங்க? அந்த மூலை வீட்டுக்காகன்னு. வீடு மாறினவங்களோட பழைய வீட்டை ஆறு மாசத்துக்கு யாருக்கும் குடுக்கக்கூடாது, இங்க விதியே அப்படி. திரும்பி வந்துட்டா வேணுமே. டாக்டர் போன மாசமே மாத்தச் சொல்லிட்டார். ரெண்டு தடவை தள்ளிப் போட்டது நான். அந்தக் கதவுக்குள்ள போறவங்ககிட்ட சாவியை வாங்குறது இருக்கே…” அவர் ஒரு பேனாவை எடுத்து, இன்னொரு இடத்தில் வைத்தார். “இதுவரைக்கும் யாரும் என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சாவியைக் குடுத்ததில்ல. இந்தம்மா ஒருத்தங்கதான் ‘எப்ப வாங்கிப்பீங்க?’ன்னு கேட்டாங்க.”

அண்ணியின் விரல் தட்டுவதை நிறுத்தியது.

“எப்ப வாங்கிப்பீங்கன்னா?”

“ஆமா மேடம். மூணு தடவை.”

வெளியே வந்து, நடைபாதை பெஞ்சில் பதிவேட்டை விரித்தார்கள். ரேடியோ விரல் வைத்து வாசித்தான்.

“‘குளியலறைக் குழாய் மூடப்படவில்லை. தரை முழுவதும் தண்ணீர். கால்மிதியும் செருப்பும் நாற்காலிமேல் இருந்ததால் நனையவில்லை.’ நல்லவேளை, செருப்பாவது தப்பிச்சது.”

“கால்மிதி நாற்காலிமேல ஏன் இருக்கு தம்பி?”

“நனையக்கூடாதுன்னுதான்…” என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றான்.

“தண்ணி வரப்போறது கால்மிதிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு,” என்றாள் அண்ணி. “மேல படி.”

“‘காலை 10.40. வழி தவறி, கண்ணாடிக் கதவருகே நின்றார்.’ அடுத்தது, ‘மாலை 3.00. வழி தவறி, கண்ணாடிக் கதவருகே நின்றார்.’ மறுபடி 10.40, கண்ணாடிக் கதவு. மறுபடி 3.00.” ரேடியோ நிமிர்ந்தான். “என்ன அண்ணி இது? வழி தப்பினவங்க நாலு இடத்துல போய் முழிச்சுக்கிட்டு நிக்கணும். இவங்க ஒரே இடத்துக்கு, அதுவும் நேரம் தவறாம வர்றாங்க. இதுக்குப் பேர் வழி தப்புறதில்ல, டியூட்டிக்கு வர்றது.”

அண்ணி டாக்டரின் தாளை எடுத்தாள். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை, ஒன்றில் வட்டம் போட வேண்டும். இது காலையா, மாலையா? பெரியது யானையா, பூனையா? நெருப்பு சுடுமா, குளிருமா? திருத்தம்மா பூனையில் வட்டம் போட்டிருந்தார். நெருப்பு குளிரும் என்றிருந்தார். கீழே சிவப்பில் டாக்டர்: பத்துக்கு சைபர்.

“பாவம்,” என்றான் ரேடியோ. “நான்லாம் பள்ளிக்கூடத்துல இந்த மாதிரிக் கேள்வின்னா சந்தோஷமாயிடுவேன். ஒண்ணுமே தெரியாட்டியும் கண்ணை மூடிக்கிட்டு வட்டம் போடுவேன். நாலஞ்சு தானா வந்துடும். ஒரு தடவைகூட சைபர் வாங்கினதில்ல.”

“ஏன் வாங்கல?”

“அதெப்படி அண்ணி வாங்க முடியும்? பத்தும் தப்பாகணும்னா, எது சரின்னு பத்துக்கும் தெரிஞ்சிருக்கணுமே…” இரண்டாவது தடவையாக அவன் வாய் பாதியில் நின்றது. தன் வாயிலிருந்து வந்தது தனக்கே இப்போதுதான் காதில் விழுந்தது.

“உனக்குத் தெரியாமலே நீ நல்லாத் துப்பறியுற தம்பி. அடுத்த பக்கம் பாரு. ‘ஒரு முழு வாக்கியம் எழுதுக.’”

சாய்ந்த கையெழுத்தில் ஒரே வரி இருந்தது.

*என்றைக்குத் துனி காயப் போட்டேன் எண்று எனக்குத் தெறியவில்லை.*

“மூணு தப்பு,” என்றான் ரேடியோ. “துணிக்கு ரெண்டு சுழி போட்டிருக்காங்க. என்று, தெரியவில்லை… முப்பத்து நாலு வருஷம் பிழை திருத்தினவங்க இப்படி எழுதினா நிலைமை மோசம்தானே?”

“தப்பைப் பார்க்காதே. தப்பில்லாததைப் பாரு. ‘என்றைக்குத்’ பக்கத்துல ஒரு த். ‘காயப்’ பக்கத்துல ஒரு ப். ‘எனக்குத்’ பக்கத்துல இன்னொரு த். வாக்கியம் முடிஞ்சதும் முற்றுப்புள்ளி. நான் இருபது வருஷம் எஃப்.ஐ.ஆர். எழுதினவ. படிச்சவங்களே கோட்டை விடுற இடம் இந்த ஒற்று. ஒரு வக்கீல் என்னைக் கோர்ட்டுல நிக்க வச்சு இதுக்கே கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கார். துணிக்கு எந்த னி போடணும்னு மறந்துபோன ஆளுக்கு, இது மட்டும் மூணு இடத்துலயும் எப்படி ஞாபகம் இருந்துச்சு?”

ரேடியோ அந்த வரியை மறுபடி விரல் வைத்துப் படித்தான்.

“அப்படின்னா யாரும் அவங்களைப் பைத்தியமாக்கல.”

“இல்ல. அவங்களே ஆகிக்கிறாங்க.” அண்ணி எழுந்துவிட்டாள். “எப்படின்னு கிடைச்சாச்சு. ஏன்னுதான் கிடைக்கணும். வா, மூணு மணி ஆகப்போகுது.”

கண்ணாடிக் கதவு மூன்றாவது கட்டடத்தின் ஓரத்தில் இருந்தது. உள்ளே நடைகூடம், அதைத் தாண்டி சுவர் சூழ்ந்த சிறு முற்றம். சரியாக மூன்று அடிக்கும்போது உள்ளிருந்தவர்களைக் கைபிடித்து முற்றத்துக்குக் கூட்டி வந்தார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். ஓர் அம்மாள் பஸ் எப்போது வரும் என்று சுவரைக் கேட்டார். ரேடியோ பார்வையை விலக்கிக்கொண்டு கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தான்.

*பார்வையாளர்கள் அனுமதிப் பெற்று உள்ளே வரவும்.*

‘அனுமதி’க்குப் பக்கத்திலிருந்த ப்-ஐ மெல்லிய சிவப்புப் பென்சில் கோடு ஒன்று அடித்திருந்தது.

“அண்ணி! இங்க பாருங்க. திருத்தியிருக்கு.”

“கை சும்மா இருக்கல,” என்றாள் அண்ணி, முதல் தடவையாகப் புன்னகைத்து. “மத்த நேரமெல்லாம் மறதிக்காரி வேஷம். இங்க வந்து நிக்கும்போது மட்டும் மறந்துட்டாங்க, தான் மறக்கணும்கிறதை.”

கதவைத் திறந்துகொண்டு பொறுப்பு நர்ஸ் வந்தார். குட்டையான, வேகமான பெண்மணி. பேசும்போதே ஒரு கண் முற்றத்தில் இருந்தது.

“சிஸ்டர், ரெண்டு மாசத்துல இங்க புதுசா வந்தது யாரு?”

“ஒருத்தர்தான். அதோ, நூல்கண்டு அம்மா.”

முற்றத்து பெஞ்சில் ஒல்லியான ஒரு பெண்மணி. எழுபதைத் தாண்டியிருக்கும். மடியில் கம்பளி நூல். சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். ஆனால் கண் நூலில் இல்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணாடிக் கதவுக்கு வந்து போனது.

“பார்க்க யார் வருவாங்க?”

“மகன் மட்டும், ஞாயித்துக்கிழமையில. வேற சொந்தக்காரங்க யாரையும் விடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கார். பாவம், இந்தம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் ‘அக்கா’தான். என்னையும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. நான் அவங்களுக்குப் பொண்ணு வயசு.”

அண்ணி அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படி இரண்டிரண்டாகத் தாவிச் சாவிக் கட்டடத்துக்கு நடந்தாள். ரேடியோ பின்னால் ஓடினான்.

“தம்பி, ஒரு வெள்ளைத்தாள் எடு. திருத்தம்மாவைப் பத்தி நாலு வரி எழுது. நம்ம அறிக்கை மாதிரி.”

“என் கையெழுத்தும் என் தமிழும் உங்களுக்கே தெரியும் அண்ணி.”

“அதனாலதான் உன்னை எழுதச் சொல்றேன்.”

மூலை வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே, இரண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கும் நடுவில், நாற்காலியில் திருத்தம்மா. நிமிர்ந்த உட்காரல். வலது காலில் இடது செருப்பு, இடது காலில் வலது செருப்பு. பக்கத்தில் கட்டி வைத்த ஒரு பெட்டி.

“யாரு? மாடி வீட்டு டாக்டரா?” என்றார், கண்ணை எங்கேயோ மேய விட்டு.

“ஆமாம்மா,” என்றாள் அண்ணி சாவதானமாக. “உங்களைப் பத்தி ஒரு அறிக்கை. கேட்டுட்டு சரின்னா தலையாட்டுங்க, போதும்.” தாளை அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் தன் பேனாவையும் வைத்தாள்.

ரேடியோ எழுதியிருந்தது இது: *இந்த அம்மாவுக்கு நினைவு சக்த்தி இல்லை. இவர் தணியாக இருக்க கூடாது. இவரை கவணமாக பார்த்து கொள்ளவும்*

முற்றுப்புள்ளிகூட அவன் வைக்கவில்லை.

திருத்தம்மாவின் கண் மேய்வதை நிறுத்தியது. தாளில் ஊன்றியது. உதடு இறுகியது. வலது கை மடியிலிருந்து கிளம்பியது. இடது கை அதைப் பிடித்து அமுக்கியது. சுவர்க்கடிகாரம் சத்தமாகக் கேட்டது. அண்ணி அசையவில்லை. 

“படிச்சுக் காட்டட்டுமாம்மா?” என்றாள் அண்ணி. “நினைவு சக்த்தி…”

“சக்திக்கு எதுக்கு அங்க ஒற்று!” வெடித்துவிட்டது. பேனா அவர் கைக்குப் போனது யாருக்கும் தெரியவில்லை. “தனியாக, இந்த னி. கவனமாக, இந்த ன. ‘இருக்கக் கூடாது’, ‘இவரைக் கவனமாகப் பார்த்துக் கொள்ளவும்’… யாரு எழுதினது இதை? எந்தப் பள்ளிக்கூடத்துல…”

பேனா நின்றது. தாள் முழுக்கத் திருத்தம். அவர் மெதுவாகத் தலை நிமிர்ந்தார்.

“நான்தாம்மா எழுதினேன்,” என்றான் ரேடியோ கையைக் கட்டிக்கொண்டு. “மன்னிச்சுக்கோங்க. பத்துக்கு சைபர்தானே?”

திருத்தம்மா பேனாவை மூடி வைத்தார். குனிந்து செருப்புகளைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டார். அந்தச் சின்னக் காரியத்துக்குள் அவருக்குப் பத்து வயது கூடிவிட்டது போலிருந்தது.

“என் பொண்ணு அனுப்பினாளா?”

“ஆமாம்மா. நீங்க பார்த்துட்டு நிக்கிறது உங்க தங்கச்சியைத்தானே?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

“எங்கம்மா செத்துப்போனப்ப அவதான் கூட இருந்தா. எனக்குத் தகவல் வந்தது மறுநாள் சாயங்காலம். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிஞ்சாச்சு. அம்மா முகத்தை நான் பார்க்கல. ‘ஃபோன் கிடைக்கல அக்கா’ன்னா. ‘நீயும் எனக்குச் செத்துட்டே’ன்னு வாசல்ல நின்னு கத்திட்டு வந்தேன். முப்பத்தோரு வருஷம். என் பொண்ணுக்கும் சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டேன். இப்ப என்னைவிட அவளுக்குத்தான் கோவம் அதிகம்.”

“இங்க எப்படிப் பார்த்தீங்க?”

“ரெண்டு மாசம் முன்னாடி, துணி வண்டி போறதுக்காக அந்தக் கதவைத் திறந்து வச்சிருந்தாங்க. நான் தாண்டிப் போறேன். உள்ள இருந்து ஒரு குரல். ‘அக்கா, எங்க போனே? வா, வந்து தலை வாரி விடு.’ திரும்பிப் பார்க்கறேன், இவ. பத்து வயசுல கூப்பிட்ட மாதிரியே. அவளுக்கு அந்தச் சண்டையே ஞாபகம் இல்லம்மா. மொத்தமும் போயிடுச்சு. நான் ஒருத்திதான் அதை இன்னும் வச்சுக்கிட்டு இருக்கேன்.” முந்தானை நுனியைச் சுருட்டினார். “நான் உள்ள போறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. பார்க்க அனுமதி கேட்டேன். பட்டியல்ல பேர் இல்ல, மகன் எழுதிக் குடுத்திருக்கார்னு சொன்னாங்க. சொந்தம்னு சொன்னா எம் பொண்ணுக்குத் தெரியும், ஒரே ரகளை. யோசிச்சேன். பார்வையாளரா விடமாட்டாங்க. நோயாளியா விடுவாங்கல்ல?”

“அதுக்காகச் சாவியைக் குடுத்துட்டு உள்ள போறதா?” ரேடியோவுக்கு அடக்க முடியவில்லை. “ஒரு தடவை உள்ள போனா பென்சில்கூடத் தரமாட்டாங்கம்மா!”

“அவன் சொல்றது சரி,” என்றாள் அண்ணி. “உங்களுக்கு இல்லாத நோய்க்கு மாத்திரை குடுப்பாங்க. அதை ஆறு மாசம் முழுங்கினா அப்புறம் நடிக்கவே வேண்டியிருக்காது. உங்க தங்கச்சிக்கு வேண்டியது, வெளியில இருந்து உள்ள வர்ற ஒரு அக்கா. கூடவே தொலைஞ்சு போற அக்கா இல்ல.”

திருத்தம்மா பக்கத்திலிருந்த பெட்டியைப் பார்த்தார். காலால் அதை ஓரமாகத் தள்ளினார்.

வாசலில் நிழல் விழுந்தது. மகள். அவளுக்குப் பின்னால் நிர்வாகி, கையில் படிவம். மணி நாலாக இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தால் நிறையவே கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

“அந்தப் பொம்பளைக்காகவா?” என்றாள் மகள். “உங்கம்மா முகத்தையே உங்களைப் பார்க்க விடாம பண்ணினவங்களுக்காக, நீங்க… ரெண்டு மாசமா நான் சரியாத் தூங்கல. ஸ்கூல்ல பிள்ளைங்க முன்னாடி அழுதிருக்கேன். எல்லாம் நடிப்பாம்மா?”

“ஆமாடி. நடிப்புதான்.” திருத்தம்மா எழுந்து நின்றார். “உன்கிட்ட நேரா வந்து, எனக்கு அவளைப் பார்க்கணும்னு சொல்றதைவிட, பைத்தியம்னு பேர் வாங்குறது சுலபமா இருந்துச்சு. அது யார் தப்பு? உன் தப்பில்ல. உனக்கு அந்தக் கோவத்தை ஊட்டினதே நான்.”

 நிர்வாகி படிவத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

“நூல்கண்டு அம்மா பையன் ஒத்துக்கிட்டா பட்டியல்ல பேர் சேர்க்கிறது ஒரு நிமிஷ வேலை மேடம்,” என்றார் மெல்ல. “நம்பர் என்கிட்ட இருக்கு.”

அண்ணி நம்பரை வாங்கித் தன் ஃபோனில் அழுத்தினாள். மணி போனதும் அதைத் தன் காதில் வைக்கவில்லை. மகளின் கையில் வைத்தாள்.

ரேடியோவுக்கு அந்த ஆறு ரிங்கும் ஆறு வருஷம். வேண்டாம் என்று வீசிவிடுவாள் என்றுதான் நினைத்தான்.

“ஹலோ…” என்றாள் மகள். தலைமை ஆசிரியைக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. “நான்தான். பெரியம்மா பொண்ணு.”

அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல், ஃபோனுக்கு வெளியே கேட்கும் அளவுக்கு உரக்க: “அக்கா?”

மகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசியது ஐந்து நிமிஷம். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தபோது முந்தானையால் அதைத் துடைத்துக் கொடுத்தாள்.

“சரின்னுட்டான். அழறான். யாரையும் விடக்கூடாதுன்னு எழுதினது அவன்தான், ஆனா சொன்னது சித்தியாம். அஞ்சு வருஷம் முன்னாடி, நல்லா இருந்தப்ப. ‘அக்கா வந்தா அவ முகத்தை என்னால பார்க்க முடியாது’ன்னு. கோவத்துல சொல்றாங்கன்னு நினைச்சு எழுதிக் குடுத்துட்டானாம்.”

அண்ணி புருவத்தைச் சுருக்கினாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் விட்டதை ரேடியோ கவனித்தான்.

நாலே கால் மணிக்குத் திருத்தம்மா கண்ணாடிக் கதவைத் தாண்டினார். வீட்டுச் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. நர்ஸ் பதிவேட்டை நீட்ட, ‘பார்வையாளர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். உறவு என்ற இடத்தில் ‘அக்கா’ என்று எழுதினார்.

பெஞ்சில் இருந்த நூல்கண்டு அம்மா நிமிர்ந்து பார்த்தார். முகம் முழுக்க விரிந்தது.

“எவ்வளவு நேரம்? தலை வாரி விடுன்னு சொன்னேனே.”

“சீப்பு எங்கடி?”

“உள்ள. தலகாணிக்கு அடியில.”

மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்; கொஞ்ச நேரம் கழித்து, தானே சீப்பு எடுக்கப் போன அம்மாவின் பின்னால் மெதுவாக உள்ளே நடந்தாள். அண்ணி நர்ஸோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பெஞ்சருகே ரேடியோ மட்டும் தனியாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

நூல்கண்டு அம்மா அவன் சட்டை ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அவன் குனிந்தான்.

“தம்பி, அவ என்ன சொன்னா? நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்னா?”

ரேடியோ விழித்தான்.

“மறக்குறேன், நெசம்தான். காலையில எம் மகன் பேர் வரல. சாப்பிட்டேனா இல்லையான்னு தெரியல. ஆனா அது மட்டும் போகமாட்டேங்குது.” அவர் நூலைச் சுற்றிக்கொண்டே, மிகச் சாதாரணமான குரலில் சொன்னார். “ஃபோன் என் பக்கத்துலயேதான் இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. அம்மா கடைசி வரைக்கும் அவ பேரையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கூட இருந்து பார்த்துக்கிட்டவ நான். என் பேரை ஒரு தடவை சொல்லல. அந்தக் கோவத்துல நான் அவளுக்கு ஃபோன் பண்ணல. மறுநாள்தான் பண்ணினேன்.”

உள்ளேயிருந்து திருத்தம்மாவின் குரல் கேட்டது: “இதுவா சீப்பு? பாதிப் பல்லே இல்லையேடி!”

“அவகிட்ட சொல்லிடாதே தம்பி. நான் மறந்துட்டேன்னு நினைச்சுத்தான் அவ வர்றா. ஞாபகம் இருக்குன்னு தெரிஞ்சா, நான் மன்னிப்புக் கேட்கணும், அவ அழணும், மறுபடி அம்மா சாகணும். அதுக்கெல்லாம் எங்களுக்கு எங்க நேரம் இருக்கு?” விரல்கள் நின்றன. “எப்படியும் ஒருநாள் நெசமாவே மறந்துடுவேன். அதுவரைக்கும் சமாளிச்சுப்பேன்.”

சீப்போடு திருத்தம்மா வந்துவிட்டார். நூல்கண்டு அம்மா முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். முகத்தில் பத்து வயதுச் சிரிப்பு. அக்கா கூந்தலைப் பிரித்தார், நரைத்துப் போன அந்த நாலு இழையையும் மூன்றாக வகுத்தார்.

“ஆடாம உட்காரு.”

“இழுக்காதே, வலிக்குது.”

அண்ணி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பார்வை அவன் முகத்தை ஒரு தரம் அலசியது. போலீஸ்காரப் பார்வை, அதற்கு முன்னால் அவன் இதுவரை ஒன்றையும் மறைத்ததில்லை.

“அந்தம்மா உன்கிட்ட என்னமோ சொன்னாங்களே. என்ன?”

“தண்ணி கேட்டாங்க அண்ணி,” என்றான் ரேடியோ.

நடைகூடத்தின் மூலையில் தண்ணீர்க்குழாய் இருந்தது. அங்கே போய் ஒரு டம்ளர் பிடித்தான். அதை அவனே குடித்தான். பிறகு டம்ளரைக் கழுவி, இன்னொன்றையும் எடுத்து, இரண்டையும் நிரப்பிக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பி நடந்தான்.